மருமகன் நிரப்பிய தாங்கி

என் மனுசன் முனாப்புக்கு இரண்டு பெண்சாதி. ஒருத்தி ஸல்ஹா என்கிற நான். மற்றவள் எங்கள் வாசலில் நிற்கிற பழைய பெட்போர்ட் லொறி. வயதில் அவள் எனக்கு மூத்தவள், செல்லத்திலும் அவள்தான் மூத்தவள். எனக்குக் காய்ச்சல் என்றால் "ரெண்டு பனடோல் போட்டுட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற மனுசன், அவள் ஒரு தரம் இருமினால் அன்றைக்குச் சோறு உண்ண மாட்டார். இதைச் சொல்லி நான் ஏசாத நாள் கிடையாது. அவர் அதைக் காதில் வாங்கிய நாளும் கிடையாது.

அவளுக்கு டீசல் ஊட்டுகிற விசயத்தில்தான் இவருடைய விசர் முழுதாகத் தெரியும். அந்தப் பக்கம் சீனன்குடாவில் வீட்டளவு பெரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. இந்தப் பக்கம் கிண்ணியாவில் என் மனுசன் டீசலைத் தேங்காய்ப்பால் மாதிரிச் சீலையில் வடித்துக்கொண்டு இருப்பார். டீசலுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், எவனோ பரலில் வைத்து விற்றதை வாங்கி ஊற்றி, லொறி தம்பலகாமத்து வயல் நடுவில் நின்றுபோனது. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது.

கேனில் வாங்கி வருவார். பின்பக்கக் கொட்டிலுக்குள் இரண்டு நாள் அசைக்காமல் வைப்பார். கோழி பக்கத்தில் போனாலும் விரட்டுவார். தண்ணியும் ஊத்தையும் மெல்ல மெல்ல அடியில் இறங்கும். பிறகு மேலால் அள்ளி, புனலில் வெள்ளைச் சீலை கட்டி, சொட்டுச் சொட்டாக வடித்துத் தாங்கிக்குள் விடுவார். அடியில் கிடக்கிற நாலு விரல் அளவைத் தொடவே மாட்டார். அந்த மண்டியையெல்லாம் கொய்யா மரத்தடியில் நிற்கிற நீலக் கேனுக்குள் ஊற்றிவிடுவார். வேலிக் கட்டைக்குக் கறையான் ஏறாமல் பூசுவதற்கு அது உதவும். அந்தக் கேனுக்கு மூடி கிடையாது, பெய்கிற மழையும் அதற்குள்தான் விழும்.

"வீட்டுல இருக்கிற வெள்ளச் சீல எல்லாம் உங்கட பொஞ்சாதிக்கே போகுது" என்று நான் கத்துவேன்.

"அவட பம்புக்குள்ள கொஞ்சம் தண்ணி போனாலும் கறள் புடிச்சு இறுகிடும். புதுப் பம்பு கொழும்புலயும் இல்ல" என்பார் அவர்.

அது பொய்யில்லை. சீனன்குடாவில் கராஜ் வைத்திருக்கிற யோகலிங்கம் போன வருசமே சொல்லிவிட்டான்: "முனாப் நானா, இனி இந்தப் பம்பு போச்சுதெண்டா என்னால ஒண்டும் செய்ய ஏலாது. லொறிய இரும்புக்குத்தான் போடோணும்." எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த லொறியால். அதனால் நான் கத்தினாலும் சீலையை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

இப்போது என் மருமகனுடைய கதைக்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள் ரிப்கா. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிக்கிறவர் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். அப்படி மூதூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர் பஸ்லான். கட்டாரில் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை பார்த்துவிட்டுக் கலியாணத்துக்காகத் திரும்பிய பிள்ளை. சாதுவான முகம், மெல்லிய குரல். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். பிடித்ததைக் காட்டுகிற விதம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: விழுந்து விழுந்து மரியாதை செய்வது.

முன் ஹோலில் காற்றாடிக்குக் கீழே அவருக்கு ஒரு கதிரை. மீனில் நடுத்துண்டு அவருக்கு. அவர் உண்டு முடித்த பிறகுதான் நாங்கள் உண்போம். அவர் முகத்துக்கு நேரே நின்று நான் கதைப்பதில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, "ரிப்கா, மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா எண்டு கேளுங்க" என்பேன். அவர் ஒரு வாளி தண்ணீரைத் தூக்கினால் மகளுக்கு ஏச்சு விழும். ஒரு நாள் பாண் வாங்கக் கடைக்குப் போய்விட்டார். ஊர் என்ன நினைக்கும் என்று நான் அன்று முழுக்க அழுதேன். முனாப்பும் அப்படித்தான். லொறிக்குப் பக்கத்தில் மருமகன் வந்து நின்றால், "உடுப்பு ஊத்தையாகும், நீங்க போய் இருங்க மருமகன்" என்று அனுப்பிவிடுவார். நாலு மாதமாக இப்படி ஓடியது. மாப்பிள்ளையை ராசா மாதிரி வைத்திருக்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

தை மாத மழை ஓய்ந்த ஒரு வியாழக்கிழமை காலை, ரிப்கா குசினிக்குள் வந்து அடுப்புக்கு முன்னால் நின்று அழுதாள்.

"உம்மா, அவர் திரும்பக் கட்டாருக்குப் போகப் போறாராம். ஏஜென்ட் கோல் எடுத்திருக்கான். ஞாயிற்றுக்கிழமை பாஸ்போட்டக் குடுக்கணுமாம். சூட்கேசும் அடுக்கிட்டார்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. "ஏன்? நான் என்ன குறை வெச்சன்?"

"ஒண்டும் குறையில்ல உம்மா. அதுதான் அவருக்குக் குறை. வந்து நாலு மாசம், இன்னும் விருந்தாளி மாதிரி இருக்கு, வெக்கமா இருக்கு எண்டு சொல்றார்."

எனக்குக் கோபம் வந்தது. விருந்தாளி மாதிரி வைத்திருப்பதுதானே மரியாதை? இதிலே என்ன வெட்கம்? ஆனால் மகளின் கண்ணைப் பார்த்ததும் கோபம் வடிந்துபோனது. கட்டினவன் கடலுக்கு அந்தப் பக்கம், போனில் முகம் பார்த்துக் குடும்பம் நடத்துகிற பெண்பிள்ளைகளை இந்த ஊரில் வீட்டுக்கு வீடு காட்டுவேன். என் பிள்ளையும் அதில் ஒருத்தியாக வேண்டாம் என்றுதான் நான் துஆக் கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் இன்னொன்றும் சொன்னாள். "போறதுக்கு முந்தி வாப்பாக்கு ஒரு உதவியாவது செய்யணும் எண்டு, விடிய எழும்பி லொறிக்கு டீசல் ஊத்தி வெச்சிருக்கார். வாப்பா கந்தளாய்க்கு நெல்லேத்தப் போறார்தானே எண்டு. டாங்கி ஃபுல்லாம்."

"எந்த டீசல்?"

"கொட்டிலுக்குள்ள இருந்தது. காணாததுக்குக் கொய்யா மரத்தடில இருந்ததையும் ஊத்தினதாம்."

நான் பின்வாசலுக்கு ஓடினேன். நீலக் கேன் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை. பிள்ளை அவ்வளவு வடிவாக வேலை செய்திருந்தார்.

விடியச் சுபஹு தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் கதையளந்துவிட்டு முனாப் அப்போதுதான் வந்தார். வாசல் படலையிலேயே பிடித்து நிறுத்தி விசயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துப்போனது.

"ஸ்டார்ட் பண்ணினாரா?"

"இல்லயாம்."

"அல்லாஹ் காப்பாத்தினான்." மூச்சு விட்டார். அடுத்த நிமிடம் ஹோலை நோக்கி நடக்கத் தொடங்கினார். அந்த நடை எனக்குத் தெரியும். சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரு சொல்லுச் சொல்லக் கூடாது. அந்தப் புள்ள ஒரு கால வெளிய வெச்சிட்டு நிக்குது. நீங்க இப்ப வாயத் திறந்தீங்க எண்டா ஞாயிறு வரைக்கும் கூட நிக்காது."

"அப்ப லொறி?"

"அவருக்குத் தெரியாம நாம ரெண்டு பேரும் டாங்கிய வடிப்பம்."

லொறியைப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். "மகள் அழுதாளா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இந்த மனுசனோடு இத்தனை வருசம் சண்டை பிடித்துக்கொண்டே நான் சந்தோசமாக இருப்பது இதனால்தான்.

ஹோலுக்குப் போய், பல்வலிக்காரன் சிரிப்பது போல் சிரித்துக்கொண்டு, "டாங்கிய நிரப்பினீங்களாம் மருமகன். பெரிய உதவி" என்றார். பஸ்லானுடைய முகம் மலர்ந்ததைத் திரைச்சீலை இடுக்கால் பார்த்தேன். நாலு மாதத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

"ரெண்டு பேரும் நிலாவெளிக் கடற்கரைக்குப் போய்ட்டு வாங்களன்" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தேன். காலை ஏழரை மணிக்கு எந்தப் புதுத் தம்பதி கடற்கரைக்குப் போகும்? மாமி சொன்னால் தட்டக் கூடாது என்று பாவம், பைக்கில் ஏறிப் போனார்கள்.

வாளி, பேசின், பழைய கேன்கள் எல்லாவற்றையும் லொறிக்குக் கீழே அடுக்கினோம். தாங்கியின் அடியில் ஒரு நட்டு இருக்கிறது, அதைக் கழற்றினால் டீசல் இறங்கும். முனாப்புக்குத் தோள்மூட்டு வலி. கையை மேலே தூக்கி முறுக்க ஏலாது. கடைசியில் முக்காட்டைக் கழற்றி மதிலில் போட்டுவிட்டு, கவுணை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்பானரோடு நானே கீழே ஊர்ந்தேன். என் உம்மா கண்டிருந்தால் அந்த இடத்திலேயே மயங்கியிருப்பார்.

"இடப்பக்கம் முறுக்குங்க. ஐயோ, மற்ற இடப்பக்கம்!"

"இடப்பக்கம் ஒண்டுதான் இருக்கு! கத்தாதீங்க!"

நட்டு அசைந்தது. டீசல் என் கை வழியாக ஓடி, கக்கத்துக்குள் நுழைந்து, முதுகில் இறங்கியது. முதலில் வந்ததை முனாப் ஒரு ஜாம் போத்தலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மேலே டீசல், கீழே மழைத்தண்ணி, நடுவில் தவளைப்பாசி மாதிரி ஒரு வழுவழுப்பு என்று பிரிந்து நின்றது. "அவ இதக் குடிச்சிருந்தா இண்டைக்கு மையத்துத்தான்" என்றார்.

வாளி பாதி நிரம்பவில்லை, பைக் சத்தம் கேட்டது.

பாலத்தடியில் பொலிஸ் நிற்கிறார்களாம், ரிப்காவுடைய ஹெல்மெட்டை மறந்துவிட்டார்களாம், எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார்கள். நான் நட்டைத் திரும்பப் போட்டு இறுக்கினேன். லொறிச் சில்லுக்குப் பக்கத்தில் மருமகனுடைய செருப்பு வந்து நின்றது. என் தலையில் துணியில்லை, உடம்பெல்லாம் டீசல். ஆமை மாதிரி இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"மாமா, என்ன நடந்த?"

"ஒண்டுமில்ல மருமகன். மாமிட மோதிரம் விழுந்துட்டு."

"லொறிக்குக் கீழயா?"

"ஓம்... அவ அப்படித்தான்."

ஊரிலே இதைவிட மட்டமான பொய்யை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பஸ்லான் நம்பினார். "மாமிய வெளிய வரச் சொல்லுங்க மாமா. நான் லொறியக் கொஞ்சம் முன்னுக்கு எடுக்கிறன், தேட லேசா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஏறிச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பு எப்போதும் லொறியிலேயே கிடக்கும்.

"டேய்!"

அந்தச் சத்தத்தில் கொய்யா மரத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன.

"எடுடா கைய! திறப்ப முறுக்கினாய் எண்டா கைய முறிச்சுப் போடுவன்! பம்பு போயிரும்டா விசரா!"

லொறிக்குக் கீழே கட்டின பெண்சாதி கிடக்கிறாள். அது முனாப்புக்கு ஞாபகம் வரவில்லை, பம்புதான் ஞாபகம் வந்தது. இதை நான் மௌத்தாகும் வரைக்கும் சொல்லிக் காட்டுவேன்.

தொடங்கியவர் நிற்கவில்லை. நாலு மாதமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டியது. "அந்த நீலக் கேன் கறையானுக்கு வெச்ச மண்டிடா! பாதி மழத்தண்ணி! ஒருத்தரக் கேட்டுச் செய்யத் தெரியாதா? வாய் என்னத்துக்கு இருக்கு? ஃபுல்லா நிரப்பி வெச்சிருக்காய், இப்ப இந்த மனுசி கீழ கிடந்து டீசல்ல குளிக்குது!"

நான் ஊர்ந்து வெளியே வந்தேன். மதிலில் கிடந்த முக்காட்டை எடுக்கக் கூடத் தோன்றவில்லை. ரிப்கா ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பஸ்லான் கையைத் திறப்பிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்த நீலக் கேனையே பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு, ஞாயிறு வரைக்கும் இல்லை, இன்றைக்கே மூதூர் பஸ்ஸில் ஏறிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் மெல்லச் சொன்னார்: "கேட்டா நீங்க ஒருத்தரும் ஒண்டும் செய்ய விடமாட்டீங்களே மாமா."

முனாப் கையிலிருந்த ஜாம் போத்தலைக் கீழே வைத்தார். எங்கள் மரியாதையெல்லாம் அந்தப் பிள்ளையை ஒரு மூலையில் கட்டி வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"இறங்கு கீழ" என்றார் முனாப். குரல் இறங்கியிருந்தது, ஆனாலும் ஏச்சு ஏச்சுத்தான். "சேட்டக் கழட்டிட்டு ஸ்பானர எடு. மாமி போய்க் குளிக்கட்டும்."

பஸ்லான் சேட்டைக் கழற்றிக் கதவில் கொழுவினார். கீழே போனார்.

நான் குளித்துவிட்டு வந்து குசினி யன்னலால் பார்த்தேன். தாங்கி முழுக்க வடிந்திருந்தது. வடிந்த டீசலையெல்லாம் கேனில் ஊற்றிக் கொட்டிலுக்குள் வைத்தார்கள். இரண்டு நாள் அசையாமல் கிடந்தால் முக்கால்வாசி திரும்பி வரும். கொட்டில் மூலையில் பஸ்லானுடைய கண்ணில் படாமல் கிடந்த ஒரு கேனிலிருந்து நல்ல டீசல் கொஞ்சம் விட்டுத் தாங்கியை அலசி, மறுபடி வடித்தார்கள். பில்டருக்குக் கீழே இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தையும் கழற்றித் துடைத்தார்கள். அவ்வளவு நேரமும் முனாப்புடைய வாய் ஓயவில்லை. "அப்படிப் புடிக்காத. கண்ணு எங்க இருக்கு? வாளிய ஆட்டாத, ஆட்டாதடா!" பஸ்லான் "ஓம் மாமா, ஓம் மாமா" என்று ஓடிக்கொண்டிருந்தார். ஹோல் கதிரையில் உட்கார்ந்திருந்த அந்தச் சாதுப் பிள்ளைக்கு இத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ.

அந்தக் கேனில் நல்ல டீசல் இன்னும் மிச்சம் இருந்தது. அதை ஊற்ற வேண்டும். வடிக்கிற சீலை ஊத்தையில் ஊறிக் கறுத்துக் கிடந்தது.

"ஸல்ஹா, ஒரு வெள்ளச் சீல!"

"எங்கிட்ட இருந்ததெல்லாம் உங்கட பொஞ்சாதி உடுத்து முடிச்சிட்டா!" என்று உள்ளிருந்தே கத்தினேன். உண்மையாகவே இல்லை.

பஸ்லான் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் வந்தார். அறையில் சூட்கேஸ் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. பயணத்துக்கென்று மடித்து அழுத்தி வைத்திருந்த புது வெள்ளைச் சாரனோடு வெளியே போனார். பல்லால் ஓரத்தைக் கடித்து, இரண்டு கையாலும் இழுத்துக் கிழித்தார். அந்தச் சத்தத்துக்கு ரிப்கா என் கையைப் பிடித்தாள். ஒரு சாரன் கிழிந்ததற்காக ஒரு பயணம் நின்றுவிடுமா என்ன?

புனலில் சீலையைக் கட்டி, சொட்டுச் சொட்டாக வடித்து ஊற்றினார்கள். அடி நாலு விரலில் நிறுத்திய இடத்தில் பஸ்லான் முனாப்பைப் பார்த்தார், முனாப் தலையாட்டினார். கைப்பம்பை அமுக்கி உள்ளே இருந்த காற்றை வெளியே எடுத்தார்கள். பிறகு முனாப் லொறிக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறு. இப்ப முறுக்கு" என்றார்.

முறுக்கினார். அவள் இருமினாள், நின்றாள். இன்னொரு தரம் முறுக்கினார். கரும்புகை ஒன்று விட்டுவிட்டு, வழக்கமான சத்தத்தோடு நின்று ஆடத் தொடங்கினாள். முனாப் எஞ்சின் மூடியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சக்களத்திக்காக அழுத ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

கந்தளாய்க்கு இரண்டு பேரும்தான் போனார்கள். "மருமகனுக்கு நெல் மூட்டை தூக்கிப் பழக்கமில்லை" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன்.

மாலையில் தலையெல்லாம் உமித்தூளோடு வந்தார்கள். நான் பழக்கத்தில் நடுத்துண்டை எடுத்து முன் ஹோலில் வைக்கப் போனேன். பஸ்லான் குசினி வாசலில் வந்து நின்றார். "மாமி, எனக்கு வேறயா வைக்க வேணாம். மாமாவோட திங்கிறன்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். லொறிக்குக் கீழே என்னை அந்தக் கோலத்தில் கண்ட பிள்ளைக்கு முன்னால் இனித் திரைச்சீலை எதற்கு? "இருங்க மகன்" என்று நானும் நேரே சொன்னேன். நிலத்தில் பாய் போட்டு நாலு பேரும் ஒன்றாக உண்டோம். நடுத்துண்டை முனாப் எடுத்துக்கொண்டார், வெட்கமில்லாத மனுசன்.

பிறகு கோப்பை கழுவும்போது ரிப்கா என் காதோடு சொன்னாள். "உம்மா, அவர் என்ன சொன்னார் தெரியுமா? அவங்கட வாப்பா மௌத்தான நாளுக்குப் பொறகு அவர ஒருத்தரும் இப்படி ஏசினதில்லயாம். ஏச்சு வாங்கக்குள்ள வாப்பாட ஞாபகம் வந்து அழுகை வந்துட்டாம், சந்தோசமாயும் இருந்துச்சாம்."

"அப்ப பயணம்?"

"கேக்கப் பயமா இருக்கு உம்மா."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வெள்ளி போனது, சனி போனது. சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே அப்படியே கிடந்தது. அதைத் தூசு தட்டுகிற சாட்டில் தூக்கிப் பார்த்தேன், பாரம் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டிலுக்குள் கிடந்த டீசல் தெளிந்துவிட்டது. முனாப்பும் பஸ்லானும் கிழித்த சாரனைப் புனலில் கட்டிக்கொண்டு அதை வடிக்கத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து அறைக்குள் கிடந்த போன் அடித்தது. ரிப்கா எடுத்தாள். முகம் வாடிப்போனது. போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். நான் பின்னால் போனேன்.

"ஏஜென்ட்" என்றாள். "இண்டைக்குப் பாஸ்போட்டோட வாறீங்களா எண்டு கேக்கிறார்."

பஸ்லான் நிமிரவில்லை. இரண்டு கையாலும் கேனைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, அடி கலங்காமல் மேல் டீசலை நூல் மாதிரி விட்டுக்கொண்டிருந்தார். முனாப் புனலைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, மருமகனையே பார்த்தார்.

"கேன இப்ப ஆட்ட ஏலா, மாமா ஏசுவார்" என்றார் பஸ்லான். "நான் வரல்ல எண்டு சொல்லிடுங்க."